பி.எஃப். பிடித்தம்: பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

உங்க சம்பளச் சீட்டில் 'பி.எஃப்.' என்று ஒரு வரி இருக்கும். மாதாமாதம் அதில் ஒரு தொகை கழிந்திருக்கும். அந்த வரியைப் பார்த்ததும் நம்மில் பலர், "சரி, சேமிப்புக்குப் போகுது" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த வரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் சம்பளத்திலிருந்து பணம் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணம் உங்கள் கணக்கில் கட்டப்பட்டதா என்பதைச் சம்பளச் சீட்டு சொல்லாது.

பிடிக்கிறது வேற, கட்டுறது வேற. இந்த இரண்டுக்கும் நடுவில் சில நாட்கள் உங்கள் பணம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த நாட்களில் நிறுவனத்தின் பொறுப்பு என்ன, அது தவறினால் சட்டம் என்ன செய்யும், நீங்க எதைச் சரிபார்க்கணும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாருக்குப் பொருந்தும்?

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-ல் வந்தது. இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். ஒருமுறை சட்டத்துக்குள் வந்துவிட்டால், பிறகு ஆட்கள் குறைந்து பதினைந்து பேர் ஆனாலும் நிறுவனம் வெளியே போக முடியாது. இருபது பேர் என்ற கணக்கில் காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் அடக்கம்.

அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 15,000 ரூபாய் வரை வாங்குபவர்களைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர் ஏற்கனவே பி.எஃப். உறுப்பினராக இருந்தால் அவரும் தொடர வேண்டும். "ஆறு மாசம் வேலை பாருங்க, அப்புறம் பி.எஃப். போடுறோம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அது சரியில்லைங்க. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றிக் கொடுப்பவர்களும் இந்தச் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கணக்கு எப்படி?

ஒரு உதாரணம் பார்ப்போம். உங்க அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய். இது முழுவதும் உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும்.

நிறுவனத்தின் பங்கும் 12 சதவீதம், 1,680 ரூபாய். ஆனால் இது இரண்டாகப் பிரியும். 8.33 சதவீதம், அதாவது 1,166 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும். மீதி 514 ரூபாய் உங்கள் பி.எஃப். கணக்குக்கு வரும்.

இவை தவிர, ஈ.டி.எல்.ஐ. எனப்படும் காப்பீட்டுக்கு 0.5 சதவீதமும், நிர்வாகக் கட்டணமாக 0.5 சதவீதமும் நிறுவனம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். பணியில் இருக்கும்போது தொழிலாளர் இறந்துவிட்டால், இந்தக் காப்பீட்டின் வழியாகக் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

ஆக, உங்கள் பெயரில் ஒவ்வொரு மாதமும் மொத்தம் 3,360 ரூபாய் சேர வேண்டும். மூன்று வருஷம் கட்டாமல் விட்டால் வட்டியைச் சேர்க்காமலே 1,20,960 ரூபாய். அதில் 60,480 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்தே பிடித்த பணம். ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கோ, வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சைக்கோ நீங்கள் நம்பியிருந்த தொகை அதுவாக இருக்கலாம்.

இரண்டு விதிவிலக்குகளையும் தெரிஞ்சுக்கோங்க. பீடி, கயிறு, செங்கல் போன்ற சில தொழில்களில் பங்கு 12-க்குப் பதில் 10 சதவீதம். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாகப் பி.எஃப்.-ல் சேர்ந்து, சம்பளமும் 15,000-க்கு மேல் இருந்தால் ஓய்வூதியப் பங்கு இருக்காது. நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்கே வரும்.

பிடித்த பிறகு அது யாருடைய பணம்?

நிறுவனம் உங்கள் பங்கைப் பிடித்த அந்த நிமிஷத்திலிருந்து அது நிறுவனத்தின் பணம் இல்லை. உங்கள் பணத்தை நம்பிக்கையின் பேரில் அது கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கோயில் உண்டியல் பணத்துக்கு அறங்காவலர் எப்படிப் பொறுப்போ, அப்படி. எடுத்துச் செலவு செய்ய அவருக்கு உரிமை கிடையாது. சேர வேண்டிய இடத்தில் சேர்க்கும் கடமை மட்டும்தான் உண்டு.

இதைச் சட்டமே நேரடியாகச் சொல்கிறது. தொழிலாளரின் பி.எஃப். பங்கைச் சம்பளத்தில் பிடித்த முதலாளியிடம் அந்தப் பணம் 'நம்பி ஒப்படைக்கப்பட்டதாக' கருதப்படும் என்ற விளக்கம் 1973-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவிலும் அதே விளக்கம் தொடர்கிறது. தண்டனை ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

வருமான வரி விஷயத்திலும் இதே கோட்பாடுதான். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது. நிறுவனத்தின் பங்கு அதன் சொந்தச் செலவு; ஆனால் தொழிலாளரிடம் பிடித்த பங்கு அடுத்தவர் பணம், நிறுவனம் அதை நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறது. எனவே கெடு தேதிக்குள் அதைக் கட்டாவிட்டால், பிறகு கட்டினாலும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பு.

"கம்பெனி நஷ்டத்துல ஓடுது, நிலைமை சரியானதும் கட்டிடுவோம்" என்று சொல்பவர்கள் உண்டு. நஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை ஈடுகட்ட உங்கள் பணத்தைக் கைமாற்றாக எடுத்துக்கொள்ள நிறுவனத்துக்கு அனுமதி இல்லை.

15-ம் தேதி: முக்கியமான கெடு

ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். தொகையை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். ஜூன் மாதச் சம்பளம் என்றால் ஜூலை 15. இதற்காக நிறுவனம் ஒவ்வொரு தொழிலாளரின் பெயர், கணக்கு எண், சம்பளம், பங்குத்தொகை ஆகியவற்றை மின்னணுப் பட்டியலாகப் பதிவேற்றிச் சலான் எடுத்துக் கட்டும்.

தாமதமானால் 1952-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதற்கு மேல் அபராதத் தொகையாக மாதத்துக்கு 1 சதவீதம். 2024 ஜூன் மாதத்திலிருந்து இந்த விகிதம் நடைமுறைக்கு வந்தது. பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொண்டால், குறைந்தபட்சம் ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறையும் அபராதமும் உண்டு. நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது. நிர்வாகத்துக்குப் பொறுப்பில் இருந்தவர்களும் வழக்கில் வருவார்கள். நிலுவையை வசூலிக்க வங்கிக் கணக்கை முடக்கவும், சொத்தை ஜப்தி செய்யவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் இருக்கிறது.

நிறுவனமே மூழ்கிப்போனால்? பி.எஃப். பாக்கிக்கு மற்றக் கடன்களைவிட முன்னுரிமை உண்டு. வங்கியிடம் அடமானத்தில் இருக்கும் சொத்தின் மீதும் இந்த முன்னுரிமை செல்லும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திவால் சட்டத்தின் கீழ் நிறுவனம் கலைக்கப்படும்போதும், தொழிலாளருக்குரிய பி.எஃப்., ஓய்வூதிய, பணிக்கொடை நிதிகள் கடன்காரர்களுக்குப் பிரிக்கும் சொத்தில் சேராது. ஆனாலும் இப்படி வசூலாகிக் கைக்கு வர நாளாகும். அதனாலதான் ஆரம்பத்திலேயே கவனிக்கணும்னு சொல்றோம்.

நிறுவனம் செய்யக் கூடாதவை

தன் பங்கையும் உங்கள் சம்பளத்தில் பிடிப்பது. நிறுவனத்தின் 12 சதவீதத்தை உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. பி.எஃப். கட்ட வேண்டியிருக்கிறது என்பதற்காக ஏற்கனவே தரும் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது.

பழைய பாக்கியை மொத்தமாகப் பிடிப்பது. முன்பு பிடிக்க மறந்த மாதங்களின் பங்கை, இப்போது உங்கள் சம்பளத்தில் மொத்தமாகக் கழிக்க முடியாது. தெரியாமல் நேர்ந்த எழுத்துப் பிழை போன்ற காரணம் இருந்து, அதற்கு உரிய அதிகாரியின் சம்மதமும் பெற்றிருந்தால் மட்டுமே விலக்கு.

அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்குவது. மொத்தச் சம்பளம் 20,000 என்றால், அடிப்படையை 6,000 என்று காட்டிவிட்டு மீதியை 'சிறப்புப் படி' என்று போடுவது பழைய உத்தி. எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் இப்படிப்பட்ட படிகளும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

காண்ட்ராக்டரைக் கைகாட்டுவது. காண்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவருக்கும் பி.எஃப். கட்டும் இறுதிப் பொறுப்பு, வேலை வாங்கும் முதன்மை நிறுவனத்துக்குத்தான். அந்தப் பணத்தை அது காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். "அவர்கிட்ட கேளுங்க" என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

சொந்த அறக்கட்டளை வைத்திருக்கும் நிறுவனங்கள்

சில பெரிய நிறுவனங்கள், பி.எஃப். பணத்தை இபிஎஃப்ஓ-விடம் கட்டாமல் தங்களுடைய சொந்த அறக்கட்டளை மூலமே நிர்வகிக்கும். அதற்கு அரசின் விலக்கு ஆணை வேண்டும். அங்கே பொறுப்பு இன்னும் கூடுதல், ஏனென்றால் பணத்தை முதலீடு செய்வதும் அவர்கள்தான்.

அறங்காவலர் குழுவில் நிர்வாகத்தின் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அரசு வகுத்த முதலீட்டு முறைப்படிதான் பணத்தைப் போட வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும். இபிஎஃப்ஓ தரும் வட்டிக்குக் குறையாமல் தர வேண்டும். 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் அந்த வட்டி 8.25 சதவீதம். அறக்கட்டளையின் வருமானம் அதற்குப் போதவில்லை என்றால் நிறுவனம் தன் பணத்தில் ஈடுகட்ட வேண்டும். திருட்டு, கையாடல் என்று எந்த வகையில் நஷ்டம் வந்தாலும் அதுவும் நிறுவனத்தின் பொறுப்பே.

இந்த விதிகள் ஏன் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். உத்தரப் பிரதேச மின் கழக ஊழியர்களின் வைப்பு நிதி அறக்கட்டளைப் பணத்தில் 4,100 கோடி ரூபாய்க்கு மேல் திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் என்ற தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் போடப்பட்டது. அந்த நிறுவனம் நெருக்கடியில் விழ, 2,200 கோடிக்கு மேல் திரும்பி வராமல் நின்றது. 2019-ல் இது வெளியே தெரிந்ததும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வழக்கு சிபிஐ வரை போனது. பணம் தங்கள் பெயரில் பத்திரமாக இருக்கிறது என்றுதான் அதுவரை ஊழியர்கள் நினைத்திருந்தார்கள்.

நீங்கள் இப்படி அறக்கட்டளை வைத்திருக்கும் நிறுவனத்தில் வேலை செய்தால், இபிஎஃப்ஓ தளத்தில் உங்கள் பாஸ்புக் தெரியாது. ஆண்டுக் கணக்கு அறிக்கையை நிறுவனத்திடமே கேட்டு வாங்குங்க. உங்கள் சார்பில் குழுவில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதி யார் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் எங்கே முதலீடு ஆகியிருக்கிறது என்பதை அவரிடம் நீங்க தாராளமாகக் கேட்கலாம்.

நீங்களே சரிபார்ப்பது எப்படி?

முதலில் உங்க யூஏஎன் எண் வேண்டும். இது 12 இலக்க எண். வேலை மாறினாலும் இந்த எண் மாறாது. சம்பளச் சீட்டிலேயே பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கேளுங்கள். அந்த எண்ணைச் செயல்படுத்தி, ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண் ஆகியவற்றை இணைத்துவிடுங்கள்.

வழி ஒன்று, மிஸ்டு கால். பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு அழைத்தால், அழைப்பு தானே துண்டிக்கப்படும், கட்டணம் இல்லை. கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். சாதாரண பட்டன் போனிலும் இது நடக்கும்.

வழி இரண்டு, பாஸ்புக். உமங் செயலியிலோ இபிஎஃப்ஓ இணையதளத்திலோ பார்க்கலாம். மாத வாரியாக உங்கள் பங்கு, நிறுவனத்தின் பங்கு, ஓய்வூதியப் பங்கு மூன்றும் தனித்தனியாக இருக்கும். சம்பளச் சீட்டை பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்க. மாதம் ஏதும் விடுபட்டிருக்கிறதா, தொகை சரியா, சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

வழி மூன்று பலருக்குத் தெரியாது. இபிஎஃப்ஓ இணையதளத்தில் 'எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்' என்ற பகுதியில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால், அது எந்தெந்த மாதத்துக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்டியிருக்கிறது என்று பார்க்கலாம். இதற்கு லாகின் தேவையில்லை. புதிதாக ஒரு வேலையில் சேரும் முன்பும் இதைப் பார்த்துவிடலாம்.

15-ம் தேதிக்குக் கட்டிய தொகை பாஸ்புக்கில் ஏற ஓரிரு நாள் ஆகலாம். எனவே ஒவ்வொரு மாதமும் 20-ம் தேதிவாக்கில் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

பணம் ஏறவில்லை என்றால்?

முதலில் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோகூடப் போதும், ஒரு பதிவு இருக்கணும். சில நேரம் பெயர், ஆதார் பொருந்தாததால் உங்கள் வரி மட்டும் பட்டியலில் விடுபட்டிருக்கலாம். அது உடனே சரிசெய்யக் கூடியது.

பதில் வரவில்லை, அல்லது மழுப்பலாக வருகிறது என்றால் இபிஎஃப்ஐஜிஎம்எஸ் என்ற இபிஎஃப்ஓ குறைதீர் தளத்தில் புகார் பதியுங்கள். பதிவு எண் கிடைக்கும். அதை வைத்துப் புகாரின் நிலையைத் தொடர்ந்து பார்க்கலாம். நேரில் போக வேண்டும் என்றால், ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டம்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற குறைகேட்பு முகாமை இபிஎஃப்ஓ நடத்துகிறது. கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, வேலூர், நாகர்கோவில், தாம்பரம், அம்பத்தூர் ஆகிய இடங்களில் அலுவலகங்களும் இருக்கின்றன.

இபிஎஃப்ஓ மத்திய அரசின் அமைப்பு. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதைவிட, நேராக இபிஎஃப்ஓ-விடம் போவது உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கையில் இருக்க வேண்டியவை: சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம், நியமன ஆணை அல்லது அடையாள அட்டை, பாஸ்புக் நகல். சம்பளச் சீட்டு தராத இடமென்றால் வங்கி விவரமும், வருகைப் பதிவின் புகைப்படமும்கூட உதவும். அதிகாரி விசாரணை நடத்தும்போது நிறுவனத்தின் பதிவேடுகளை வரவழைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும் என்றில்லை; தொடக்கத்துக்கு ஒரு சான்று இருந்தால் போதும். ஆனால் நாள் தள்ளாதீங்க. கம்பெனி இடம் மாறும், பெயர் மாறும், பதிவேடு காணாமல் போகும்.

சிறு நிறுவனம் நடத்துபவர்களுக்கு

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பட்டறை, கடை, பள்ளி நடத்துபவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு நாலு விஷயம்.

ஒன்று, பிடித்த பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்துவிடுங்கள். சம்பளம் போடும் நாளிலேயே சலானும் எடுத்துக் கட்டிவிட்டால் 15-ம் தேதிப் பதற்றமே இல்லை. இரண்டு, புது ஆள் சேரும்போதே படிவம் 11 வாங்கி, பழைய யூஏஎன் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று, காண்ட்ராக்டரின் பில்லைத் தீர்க்கும் முன், அவர் தன் ஆட்களுக்குப் பி.எஃப். கட்டிய சலானைப் பட்டியலோடு வாங்கிப் பாருங்கள். நான்கு, ஆள் விலகினால் விலகிய தேதியைப் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் அவர் பணம் எடுக்க அலைய வேண்டியிருக்கும்.

கடைசியாக, தொழிலாளர்களுக்கு இன்னொன்று. இணையத்தில் நாமினி நியமனத்தை இன்றே முடித்துவிடுங்கள். திருமணம் ஆனவர்கள் பழைய நியமனத்தை மாற்ற வேண்டும். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், பி.எஃப்., காப்பீடு, குடும்ப ஓய்வூதியம் மூன்றையும் கேட்டு அலைய வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். உங்கள் யூஏஎன் எண்ணையும் அவர்களிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து வையுங்கள்.